முகப்பருவுக்கும் முகச் சிவப்புக்கும் ஆன்டிபயாடிக் களிம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில் மருந்துக் கடை கவுன்டரில் நிற்கும் மருந்தாளுநர் நான். காய்ச்சல் மாத்திரை கேட்பவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். பருவுக்கு மருந்து கேட்பவர்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, கைப்பேசியில் ஏதோ ஒரு டியூப்பின் படத்தைக் காட்டுவார்கள். படத்தில் இருப்பது பல நேரம் பரு மருந்தாகவே இருக்காது. அந்த ஓரத்தில் நின்று கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. அவர் எழுதும் மருந்தை விளக்குவது என் வேலை.

ஆன்டிபயாடிக் ஜெல் தடவினால் பருவுக்குள் என்ன நடக்கிறது?

பரு நான்கு காரியங்கள் கூடி உண்டாவது. மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது. உதிர வேண்டிய தோல் செதில்கள் துளையின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி பெருகுகிறது. அதை எதிர்த்து உடல் எழும்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கோக்கிறது.

ஆன்டிபயாடிக் கைவைப்பது கடைசி இரண்டில் மட்டும். கிருமியைக் குறைக்கும், வீக்கத்தைத் தணிக்கும். எண்ணெய் சுரப்பதை அது தொடாது, அடைப்பையும் திறக்காது. ஆகவே மூக்கிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் மட்டும் உள்ளவர் இந்த ஜெல்லை எத்தனை மாதம் தடவினாலும் கரும்புள்ளி அப்படியேதான் இருக்கும். அவருக்கு வேண்டியது அடாபலீன் போன்ற, அடைப்பைத் திறக்கும் மருந்து.

இந்தக் கிருமி அழுக்கிலிருந்து வந்ததும் இல்லை. எல்லோருடைய தோலிலும் குடியிருப்பது. முகத்தைச் சோப்புப் போட்டு ஓயாமல் தேய்ப்பவர்களுக்குத் தோல் எரிவதுதான் மிச்சம். காலையும் இரவும் ஒருமுறை, வேர்த்துக் கொட்டினால் இன்னொரு முறை, அவ்வளவு போதும்.

எந்தெந்த மருந்துகள் இந்த வகையில் வருகின்றன?

பருவுக்கு அதிகம் எழுதப்படுவது 1 சதவீத கிளின்டாமைசின் ஜெல் அல்லது லோஷன். எரித்ரோமைசின் பழைய மருந்து; கிருமிகள் அதற்கு வெகுவாகப் பழகிவிட்டதால் இப்போது மதிப்புக் குறைந்துவிட்டது. 1 சதவீத நாடிஃப்ளாக்சசின் கிரீம், மினோசைக்ளின் ஜெல், டாப்சோன் ஜெல் ஆகியவையும் உண்டு. ரோசேசியா என்ற முகச் சிவப்பு நோய்க்கு மெட்ரோனிடசோல் ஜெல். ஆம், வயிற்றுப்போக்குக்கு மாத்திரையாக விழுங்கும் அதே மெட்ரோனிடசோல்தான், முகத்துக்கு 0.75 அல்லது 1 சதவீத அளவில் வருகிறது.

வெட்டுக்காயத்துக்கென்று வீட்டில் கிடக்கும் ஆயின்மென்ட்டும் ஆன்டிபயாடிக்தானே என்று கேட்பார்கள். ஆன்டிபயாடிக்தான். ஆனால் பருவுக்கு உதவாது. நியோமைசின் கலந்தவை சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பிவிடும்.

டாக்டர் கிளின்டாமைசினுடன் பென்சாயில் பெராக்சைடும் எழுதியிருக்கிறார். ஒன்று மட்டும் வாங்கினால் போதாதா?

பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் ஆன்டிபயாடிக்கை விட்டுவிட்டுப் பென்சாயில் பெராக்சைடை மட்டும் வாங்குங்கள் என்பேன். மாற்றிச் செய்யாதீர்கள்.

கிளின்டாமைசினை மட்டும் வாரக்கணக்கில் தடவினால் அதற்கு மசியும் கிருமிகள் சாகும். தாக்குப்பிடித்தவை விதை ராகிபோல நின்று, அடுத்த போகம் முழுவதும் அவற்றின் வாரிசாகவே முளைக்கும். முதல் மாதம் முகம் தெளிந்து, மூன்றாம் மாதம் பரு திரும்பி வந்து, "மருந்து பழகிவிட்டது" என்று சலித்துக்கொள்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். மருந்துக்குப் பழகியது நம் உடல் இல்லை, தோலில் உள்ள கிருமி.

பென்சாயில் பெராக்சைடு ஆன்டிபயாடிக் வகையில் சேராது. துளைக்குள் ஆக்சிஜனை வெளியிட்டுக் கிருமியைக் கொல்கிறது. இந்தத் தாக்குதலுக்குக் கிருமிகள் எதிர்ப்பை வளர்த்துக்கொண்டதாக இதுவரை காணப்படவில்லை. ஆன்டிபயாடிக்குக்குத் தப்பியதை இது பிடித்துவிடும். துளை அடைப்பையும் ஓரளவு இளக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். சில டியூப்களில் இரண்டும் ஒன்றாகவே கலந்து வருகின்றன.

இதில் பருவைத் தாண்டிய கவலையும் உண்டு. தோலில் பருக்கிருமி மட்டுமா இருக்கிறது? சீழ்க்கட்டி, புண், எலும்புத் தொற்று உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவையும் தோலிலும் மூக்கிலும் இருக்கின்றன. முகத்தில் தடவும் ஜெல் அவற்றுக்கும் எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும். கிளின்டாமைசின் உயிரைக் காக்கும் நேரங்களில் தேவைப்படும் மருந்து. கல்யாணத்துக்கு முன் முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்பதற்காக அதைச் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை.

பெராக்சைடு தடவியதும் எரிகிறதே, தலையணை உறையும் வெளுத்துவிட்டதே?

இரண்டும் எதிர்பார்க்கக் கூடியவை. 2.5 சதவீதத்தில் தொடங்குங்கள். 10 சதவீதம் அதைவிட அதிகமாக எரிக்குமே தவிர, அந்த அளவுக்குக் கூடுதல் பலன் தராது. முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவலாம். துணியை வெளுக்கும் குணம் அதற்கு உண்டு. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப் புடவை கட்டும் நாளில் கழுத்து, முதுகுப் பக்கம் தடவ வேண்டாம். புருவத்திலும் முடியிலும் பட்டால் அங்கேயும் நிறம் போகும்.

டாப்சோன் ஜெல்லையும் பெராக்சைடையும் ஒரே நேரத்தில் தடவினால் தோலும் முடியும் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரியலாம். பயந்து ஓடி வருவார்கள். தானே போய்விடும்.

எப்படித் தடவ வேண்டும்?

பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைப்பவர்கள்தான் அதிகம். இன்று தெரியும் பருவுக்கு அடுத்து வரப்போகும் பரு பக்கத்துத் துளைக்குள் ஏற்கெனவே தயாராகிக் கொண்டிருக்கும். ஆகவே பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் போனபின் ஒரு பட்டாணி அளவு ஜெல்லை எடுங்கள். நெற்றி, இரு கன்னம், மோவாய் என்று நான்கு இடத்தில் தொட்டு வைத்துப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் தவிர்த்துவிடுங்கள். தோலின் மேல் வெள்ளையாகப் படிந்து நின்றால் அளவு அதிகம் என்று பொருள்.

காலையில் ஆன்டிபயாடிக்கும் பெராக்சைடும் சேர்ந்தது, இரவில் அடாபலீன் என்று எழுதுவது வழக்கம். அடாபலீன் இனத்தைச் சேர்ந்த டிரெட்டினாயின் எழுதியிருந்தால் அதைப் பெராக்சைடுடன் ஒரே நேரத்தில் தடவாதீர்கள். பெராக்சைடு அதைச் சிதைத்துவிடும். இந்த மருந்துகளில் சில தோலை வெயில் தாங்காததாக ஆக்குவதால் பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தேவை. வெயிலில் பரு வடு கறுத்துப்போவது நம் நிறத் தோலுக்குப் பருவைவிடப் பெரிய தொல்லை.

எத்தனை நாளில் தெரியும்? எப்போது நிறுத்துவது?

ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். பத்து நாளில் டியூப்பை மாற்றச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். மறுபக்கம், பன்னிரண்டு வாரம் ஆனபின் ஆன்டிபயாடிக்கைத் தொடரக் கூடாது. முகம் தெளிந்திருந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, அடாபலீனையோ பெராக்சைடையோ வைத்துக் காத்துக்கொள்வார்கள். தெளியாவிட்டால் அதே ஜெல்லை நீட்டிப்பதில் பயனில்லை. மருத்துவர் வேறு வழி பார்க்க வேண்டும். ஒரே சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் கிளின்டாமைசின் வாங்கிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சீட்டை எழுதிய மருத்துவர் பார்த்தால் அவரே கிழித்துப் போடுவார்.

எனக்குப் பரு இல்லை, கன்னமும் மூக்கும் சிவந்து காந்துகிறது. இது ரோசேசியாவா?

இருக்கலாம். ரோசேசியா வெள்ளைத் தோல்காரர்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவம் படித்தவர்களிடம்கூட உண்டு. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதாகக் கண்ணில் படாது என்பதுதான் உண்மை. நம் ஆட்கள் "சிவந்திருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். "முகம் திகுதிகுவென்று இருக்கிறது", "குத்துகிறது", "எதைத் தடவினாலும் எரிகிறது" என்பார்கள். கண்ணாடியில் பார்த்தால் மங்கிய கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோதான் தெரியும்.

பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் தொடங்குகிறது. நடு முகத்தில், அதாவது மூக்கு, கன்னம், மோவாய், நெற்றி நடுவில் வரும். சிறு சிவப்புக் கொப்புளங்களும் சீழ்க் கொப்புளங்களும் உண்டு, ஆனால் கரும்புள்ளி இருக்காது. பருவிலிருந்து பிரித்தறிய இதுதான் நல்ல அடையாளம். சிலருக்குக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். வெயில், அடுப்புச் சூடு, கொதிக்கும் தேநீர், காரம், மது, கோபம் எல்லாம் இதைத் தூண்டும். ஓசூர், தளி பக்கம் ரோஜா வளரும் பசுமைக்குடிலுக்குள் நண்பகலில் வேலை செய்பவருக்கும், நாள் முழுவதும் தோசைக்கல் முன் நிற்பவருக்கும் இது என்ன பாடு படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் "சூட்டைத் தவிருங்கள்" என்று சொல்வது எளிது. காலை வேலையை முன்னதாக மாற்றிக்கொள்வது, ஈரத் துண்டால் முகத்தை ஒற்றிக்கொள்வது, தேநீரை ஆற்றிக் குடிப்பது, இவ்வளவுதான் நடைமுறையில் முடியும்.

மருந்து என்றால், மெட்ரோனிடசோல் ஜெல், 15 சதவீத அசலெயிக் அமிலம், 1 சதவீத ஐவர்மெக்டின் கிரீம். கடைசியாகச் சொன்னது, மயிர்க்காலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியைக் குறைக்கிறது. இவை கொப்புளத்தை நன்றாகவும் சிவப்பை ஓரளவும் குறைக்கும். நிரந்தரமாக விரிந்துபோன இரத்தக் குழாய்களை எந்த ஆன்டிபயாடிக்கும் சுருக்காது, அதற்கு லேசர்தான். பருவுக்கு வாங்கிய பெராக்சைடை ரோசேசியா முகத்தில் தாமாகத் தடவிக்கொண்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

ஒரு கிரீம் தடவினால் மூன்றே நாளில் முகம் பளபளவென்று ஆகிறது, விட்டால் சிவக்கிறது. அதற்கு மேல் ஆன்டிபயாடிக் தடவலாமா?

முதலில் அந்த டியூப்பைக் கொண்டுவாருங்கள். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

டியூப்பைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் கலவையைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த கிரீம் மங்கு என்ற கருந்திட்டுக்குச் சில வாரம் மட்டும் எழுதப்படுவது. நம் ஊர்களில் அதைச் சிவப்பழகு கிரீம் என்று நினைத்து மாதக்கணக்கில் பூசுகிறார்கள். இன்னொரு வகை, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் ஒன்றாகக் கலந்தது. "ஆன்டிபயாடிக் இருக்கிறதே, பருவுக்கு நல்லதுதானே" என்று எண்ணி வாங்குவது இதைத்தான்.

ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் உடனே அமுக்கிவிடும். மூன்றே நாளில் பளபளப்பது அதனால்தான். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் நூல்நூலாகத் தெரியும், பெண்களுக்குக் கன்னத்தில் முடி வளரும், ஒரே அளவில் புதுப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிந்து சிவக்கும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள், இப்படியே சுற்றும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இதற்குத் தனிப் பெயர் வைத்து எழுதியவர்கள் இந்தியத் தோல் மருத்துவர்கள். அவ்வளவு பேரை அவர்கள் பார்க்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். என் தொழிலில் இருப்பவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இந்தச் சிவப்புக்கு நீங்களாகவே ஆன்டிபயாடிக் பூசுவதால் பயன் இல்லை. ஸ்டீராய்டை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை ஒரு தோல் மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். நிறுத்தியபின் சில வாரங்களோ மாதங்களோ முகம் முன்பைவிட மோசமாக இருக்கும். அந்தக் காலத்தில் பயந்து பழைய டியூப்பைத் தேடாதீர்கள்.

மாங்காய்க் காலத்தில் மட்டும் வாயைச் சுற்றிச் சிவந்து புண்ணாகிறது. பருவா?

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை: மாங்காய்ப் பால். காம்பை ஒடித்ததும் பீய்ச்சும் அந்தப் பால் பட்ட இடம் சிவந்து, கொப்புளித்து, பின் கறுக்கும். தோப்பில் பறிப்பவர்களுக்குக் கையிலும் முகத்திலும், தோலோடு கடித்துச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு உதட்டைச் சுற்றியும் வரும். இது ஒவ்வாமை; கிருமி இல்லை. பால் பட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பழத்தைக் கழுவித் தோலைச் சீவிச் சாப்பிடுங்கள். சீழ் வைத்தால் ஒழிய ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையில்லை.

மாம்பழம் சாப்பிட்டால் சூடு, சூட்டால் பரு என்கிறார்களே?

மாம்பழம் பருவைக் கிளப்பும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுகளுக்கும் பாலுக்கும் பருவோடு ஓரளவு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. பேக்கரிப் பண்டத்தையும் குளிர்பானத்தையும் குறைத்துப் பாருங்கள். களி சாப்பிடுகிறவர் தொடர்ந்து சாப்பிடலாம்.

நெற்றி முழுவதும் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்திருக்கிறது. ஜெல் தடவத் தடவ அதிகமாகிறது.

எல்லாம் ஒரே அளவாக, அரிப்போடு, கரும்புள்ளி இல்லாமல் இருந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் போட்டிக்கு இருந்த பாக்டீரியாக்கள் குறைந்து பூஞ்சைக்குக் கொண்டாட்டமாகிவிடும். ஓரம் வட்டமாகத் தடித்து அரித்தால் படர்தாமரை. இரண்டுக்கும் பூஞ்சை மருந்துதான்.

ஒகேனக்கல் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு முகமெல்லாம் பரு. ஓசூரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகனுக்கும் அப்படித்தான்.

இரண்டுக்கும் எண்ணெய்தான் பொது. ஒகேனக்கல்லில் மசாஜ் செய்துகொள்ளுங்கள். அது ஒரு சுகம், நான் தடுக்க மாட்டேன். பரு வரும் முகத்தையும் நெற்றியையும் மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இயந்திரத்தில் ஊற்றும் கட்டிங் ஆயில் தெறித்து மயிர்க்கால்கள் அடைபட்டு முன்கையிலும் தொடையிலும் கொப்புளம் வருவது தெரிந்த விஷயம். எண்ணெய் ஊறிய சட்டையோடு வீட்டுக்கு வராமல், ஷிப்ட் முடிந்ததும் கழுவி மாற்றிக்கொள்வது ஜெல்லைவிடப் பலன் தரும். ஹெல்மெட் பட்டை உரசும் மோவாயில் மட்டும் வரும் பருவுக்குப் பட்டையைத் துவைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பரு வருமா?

இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் உண்மை. அது குடிப்பவரின் பல்லையும் எலும்பையும் தாக்குவது. பருவுக்கு அதைக் காரணமாக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசப்படாமல் தோல் வறண்டு இழுப்பது வேறு. பரு மருந்து தடவுபவருக்கு அது எரிச்சலைக் கூட்டும். முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். தடவலாமா?

எதையும் மருத்துவரைக் கேட்டுத்தான். கிளின்டாமைசின் ஜெல், அசலெயிக் அமிலம், குறைந்த அளவில் பென்சாயில் பெராக்சைடு ஆகியவற்றைக் கர்ப்ப காலத்திலும் எழுதுவது உண்டு. அடாபலீன், டிரெட்டினாயின் தவிர்க்கப்படும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கூடாது. கடுமையான பருவுக்குத் தரும் ஐசோடிரெட்டினாயின் மாத்திரை கருவில் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். அதைச் சாப்பிடும்போது கர்ப்பமே தரிக்கக் கூடாது.

எப்போது கண்டிப்பாகத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பரு தோலுக்கடியில் கல்லைப்போல் உருண்டு வலித்தால், பள்ளம் விழத் தொடங்கினால். அங்கே ஜெல் பலன் தராது, தாமதம் நிரந்தர வடுவாகிவிடும். பருவோடு மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் முடியும் வளர்ந்தால் ஹார்மோன் பார்க்க வேண்டும். இரு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சிபோல் சிவந்து, மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண் இருந்தால் அது லூபஸாக, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோயாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. சிவந்த திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு மருந்து இலவசம், முழுவதும் குணமாகும். கிளின்டாமைசின் தடவும்போது இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்தால், அரிதுதான் என்றாலும், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தர்மபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. அவற்றின் மருத்துவமனைகளில் காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கித் தோல் பிரிவில் காட்டலாம். போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், காலியானதையும்கூட. மருத்துவர் அதைப் பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும்.

மருந்தை எங்கே வைப்பது?

அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வெப்ப அளவைப் பாருங்கள். கிளின்டாமைசினும் பெராக்சைடும் கலந்த ஜெல் சூட்டில் வீரியம் இழக்கும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

பாதி டியூப் மிச்சம் இருக்கிறது. தம்பிக்கும் பரு, அவனுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். அவனுக்கு வந்திருப்பது என்ன பரு என்றே உங்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து உங்களுக்கு மறுபடி பரு வந்தாலும் அதே டியூப்பைத் தேடி எடுக்காமல், சீட்டோடு வாருங்கள்.